வால்டன் குடிலின் செலவுக் கணக்கு: ஒரு சமூகவியல் நோக்கு

1. தோற்றுவாய்

ஹென்றி டேவிட் தோரோ (1817–1862) தமிழ் வாசகருக்குப் பெரிதும் காந்தியடிகள் வழியாகவே அறிமுகமானவர். அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து 1846ஆம் ஆண்டு ஓர் இரவு சிறையிலிருந்தவர் என்பதும், அவ்வனுபவத்தின் அடியாகப் பிறந்து 1849இல் வெளியான அவரது கட்டுரை காந்தியடிகளின் கருத்துக்களிற் செல்வாக்குப் பெற்றது என்பதும் யாவரும் அறிந்தவை. அவரது பெருநூலாகிய ‘வால்டன்’ (1854) வேறு வகையிற் பேசப்பட்டு வந்துள்ளது. நகர வாழ்வை வெறுத்துக் காட்டிற் குடிலமைத்து வாழ்ந்த ஒரு துறவியின் இயற்கைத் துதி என்று அதனைப் போற்றுவோர் உளர். சமூகப் போராட்டத்திலிருந்து விலகி ஓடிய தனிமனிதவாதி ஒருவரின் பொழுதுபோக்கு என்று அதனை ஒதுக்குவோரும் உளர். இவ்விரு சாராரும் அந்நூலின் முதலாம் இயலைப் போதிய அளவு கருத்திற் கொண்டனர் எனக் கூறுதற்கில்லை.

நூலின் மிக நீண்ட இயலாகிய அதற்குத் தோரோ இட்ட தலைப்பு ‘பொருளாதாரம்’ என்பதாகும். பலகைக்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு, வெண்கட்டிக்கு இவ்வளவு எனச் சதக் கணக்கும் பிசகாது எழுதப்பட்ட ஒரு செலவுப் பட்டியல் அவ்வியலின் நடுவே இடம்பெறுகின்றது. ஒரு வீடு 28 டொலர் 12½ சதத்தில் எழுந்தது என்பது அப்பட்டியலின் கூற்று. ஓர் இலக்கிய நூலில் வரவுசெலவுக் கணக்கு இவ்வளவு முனைப்பான இடத்தைப் பெறுதல் அரிது.

இக்கட்டுரை அப்பட்டியலை இலக்கியப் பனுவலாகவும் சமூக ஆவணமாகவும் ஒருங்கே நோக்க முற்படுகின்றது. குறைந்த செலவில் ஒரு சிறு குடில் எவ்வாறு எழுந்தது என்பதை முதலில் விளக்கி, அச்செலவு குறைந்தமைக்குரிய காரணங்களுள் எவை கணக்கினுள் வந்தன, எவை வரவில்லை என்பதை அடுத்து ஆராய்தலே இதன் நோக்கமாகும்.

2. குடில் எழுந்த முறை

வட அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, கொன்கோர்ட் என்னும் ஊருக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் தெற்கே அமைந்த குளம் வால்டன். 1845ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், இரவல் வாங்கிய கோடரி ஒன்றுடன் தோரோ அங்குச் சென்றார். கரையோரச் சரிவில் நின்ற இளம் பைன் மரங்களை வெட்டித் தூண்களும் கைமரங்களும் செதுக்கினார். முதன்மைத் தூண்கள் ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கப்பட்டன. சுவரின் நிலைச் சட்டங்களுக்கு இரு பக்கங்கள் மட்டுமே செதுக்கப்பட்டன. கைமரங்களுக்கும் தளமரங்களுக்கும் ஒரு பக்கம் மட்டுமே போதுமாயிற்று. எஞ்சிய பக்கங்களில் மரப்பட்டை அவ்வாறே விடப்பட்டது. பலகை அறையப்படும் முகம் மட்டமாயிருந்தாற் போதும் என்னும் இந்நுட்பம் வேலையைப் பெரிதும் குறைத்ததோடு மரத்தின் வலிமையையும் காத்தது. மரங்கள் துளையிடப்பட்டும் கழுந்து செதுக்கப்பட்டும் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன.

தெற்கு நோக்கிய மணற் சரிவில் ஆறடிச் சதுரமும் ஏழடி ஆழமும் கொண்ட நிலவறை தோண்டப்பட்டது. இரண்டு மணி நேர வேலை அது என்கிறார் தோரோ. உருளைக்கிழங்கு குளிரில் உறையாதிருக்கத்தக்க ஆழம் வரை தோண்டி, பக்கங்களுக்குக் கல் கட்டாது சரிவாகவே விட்டமையால் அவ்விரைவு இயன்றது. ஏப்ரல் நடுப்பகுதியிற் சட்டகம் ஆயத்தமாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. கூரையும் பலகைச் சுவரும் அமைந்தவுடன், ஜூலை 4ஆம் திகதி அவர் குடிபுகுந்தார். அப்பொழுது அவருக்கு வயது 27.

குடிபுகுந்த வேளையில் வீடு முற்றுப்பெற்றிருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. புகைபோக்கியின் அத்திவாரத்துக்கு வேண்டிய இரு வண்டி அளவான கற்களைக் குளத்திலிருந்து மேட்டுக்குக் கைகளாலேயே சுமந்து சேர்த்திருந்தாராயினும், புகைபோக்கி இலையுதிர் காலத்திலேதான் கட்டப்பட்டது. கோடை முழுவதும் சமையல் வெளியே தரையில் நிகழ்ந்தது. சுவர்களுக்கு வெளிப்புறமாக மரவோடு அறைதல் குளிர் காலத்துக்கு முன்பும், உட்புறம் சாந்து பூசுதல் கடுங்குளிர் தொடங்கிய பின்பும் நடைபெற்றன. பருவம் எதனை வேண்டியதோ அதனை அப்பருவத்துக்குச் சற்று முன் செய்தல் என்பதே அவர் கைக்கொண்ட முறை. முழு வீட்டையும் ஒரே காலத்திற் கட்டுவதற்குரிய முதல் இல்லாத ஒருவர் கடனின்றிக் கட்டுவதற்கு ஏற்ற முறையும் அதுவே.

கட்டி முடிந்த குடில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் உடையது. தூண்களின் உயரம் 8 அடி. மேலே ஒரு பரணும், பக்கத்துக்கொரு பெரிய யன்னலும், ஒரு முனையிற் கதவும், எதிர் முனையிற் செங்கல் அடுப்பும் இருந்தன. ஆக 150 சதுர அடியில் ஒருவர் உறங்கவும் எழுதவும் உண்ணவும் விருந்தினரை வரவேற்கவும் இயன்றது.

3. பட்டியலும் அதன் பொருளும்

தோரோ தரும் கணக்கு, டொலரிற் பின்வருமாறு அமையும்:

பலகைகள் (பெரும்பாலும் பழங்குடிசைப் பலகைகள்) — 8.03½
கூரைக்கும் பக்கங்களுக்குமான கழிவு மரவோடு — 4.00
சாந்து பிடிப்பதற்கான சலாகைகள் — 1.25
கண்ணாடியுடன் கூடிய பழைய யன்னல்கள் இரண்டு — 2.43
பழைய செங்கல் ஆயிரம் — 4.00
சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் — 2.40
சாந்தில் கலக்கும் மயிர் — 0.31
அடுப்பு முகப்பு இரும்பு — 0.15
ஆணிகள் — 3.90
பிணைச்சல்களும் திருகாணிகளும் — 0.14
தாழ்ப்பாள் — 0.10
வெண்கட்டி — 0.01
ஏற்றியிறக்கற் செலவு — 1.40
மொத்தம் — 28.12½

சுண்ணாம்பின் விலை அதிகம் என்றும், மயிர் தேவைக்கு மிஞ்சி வாங்கப்பட்டது என்றும், பொருள்களிற் பெரும்பகுதியைத் தம் முதுகிலேயே சுமந்ததாகவும் அவர் குறிப்பெழுதுகிறார். பலகை, மரவோடு, யன்னல், செங்கல் ஆகிய நான்கும் சேர்ந்து 18.46½ டொலராகின்றன, அஃதாவது மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இவற்றுள் பெரும்பாலானவை முன்னரே பயன்பட்டவை, அல்லது கழிவென ஒதுக்கப்பட்டவை. பழைய செங்கல்லில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டி எடுத்தே அவர் புகைபோக்கியைக் கட்டினார். எனவே, குறைந்த செலவின் முதலாவது இரகசியம் புதுப்பொருளைத் தவிர்த்தல் எனலாம். ஆனால் ஆணியைத் தவிர்க்க இயலவில்லை. உலோகம் தொழிற்சாலையின் விளைபொருள். பதின்மூன்று உருப்படிகளுள் ஆணி நான்காவது பெருஞ்செலவாக நிற்பதன் காரணம் இதுவே.

இக்கணக்கினை அவர் எதனோடு ஒப்பிடுகிறார் என்பதும் நோக்கற்பாலது. கேம்பிறிட்ஜிலுள்ள ஹாவார்ட் கல்லூரி மாணவர் ஒருவர் ஓர் அறைக்கு ஆண்டொன்றுக்கு 30 டொலர் வாடகை செலுத்திவந்தார். 1837இல் அக்கல்லூரியிற் பட்டம் பெற்ற தோரோ, ஓராண்டு வாடகையினும் குறைந்த செலவில் ஆயுட்கால உறையுள் பெறலாம் என்பதை இக்கணக்கால் நிறுவ முயல்கிறார். கொன்கோர்ட் சூழலில் ஒரு சாதாரண வீட்டின் விலை 800 டொலர் வரை ஆகும் என்றும், நாளொன்றுக்கு ஒரு டொலர் உழைப்பவன் அத்தொகையைச் சேர்க்கத் தன் வாழ்நாளிற் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளைச் செலவிடுகிறான் என்றும் அவர் கணிக்கிறார். ஒரு பொருளின் உண்மை விலை அதற்காக ஈடுகொடுக்கப்படும் வாழ்நாளின் அளவே என்பது அவர் வாதத்தின் அடிப்படை. விலைக்குப் பின்னால் மனித உழைப்பு நேரம் மறைந்துள்ளது என்னும் இக்காட்சி மார்க்சிய அரசியற் பொருளாதாரத்தின் வாயிலை நெருங்குகின்றது. இதனைக் காணாது தோரோவை வெறும் இயற்கைக் கவிஞராகக் கொள்வது அவரைக் குறைத்து மதிப்பிடுதலாகும்.

4. பட்டியலில் வராத நிலம்

எனினும் வாயிலை நெருங்குதல் வேறு, உட்புகுதல் வேறு. மரம், கல், மணல் ஆகியவற்றைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்று தோரோவே வெளிப்படையாகக் கூறுகிறார். உரிமையற்ற நிலத்திற் குடியேறுவோனுக்குரிய உரிமையால் அவற்றைப் பெற்றதாக நகைச்சுவை தோன்ற எழுதுகிறார். அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் அவ்வுரிமை அக்காலத்திற் சட்டப் பொருளுடைய ஒன்று. 1841ஆம் ஆண்டுச் சட்டம், அரச நிலத்திற் குடியேறியவருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 1.25 டொலர் வீதம் 160 ஏக்கர் வரை வாங்கும் முன்னுரிமையை வழங்கியிருந்தது. வால்டன் கரையோ அரச நிலமன்று. அது தோரோவின் நண்பரும் புகழ்பெற்ற சிந்தனையாளருமான றால்ஃப் வால்டோ எமர்சன் 1844இல் வாங்கிய தனியார் நிலம். ஆதலால் தோரோவுக்கு வாய்த்தது குடியேற்ற உரிமையன்று. உடைமையாளரின் நட்பால் விளைந்த அனுமதியே.

அந்நிலத்தின் விலையை அறிய நாம் நூலுக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. குடிலருகே இரண்டரை ஏக்கரில் அவரை பயிரிட்டதைக் கூறுமிடத்தில், முழுக் காணியும் 11 ஏக்கர் என்றும், அது முந்திய ஆண்டில் ஏக்கர் 8 டொலர் 8 சதத்துக்கு விலைப்பட்டது என்றும் தோரோ குறிப்பிடுகிறார். பெருக்கிப் பார்ப்பின் 88 டொலர் 88 சதம் வரும். வீட்டின் செலவு 28.12½ டொலர், வீடு நிற்கும் காணியின் விலை அதன் மும்மடங்குக்கும் மேல். இவ்விரு எண்களும் ஒரே இயலில் அமைந்திருந்தும் ஒரே பட்டியலில் அமையவில்லை. குடிலுக்குத் தேவையான துண்டு நிலம் சிறிது என்பது உண்மையே. ஆயினும் விறகுக்கு மரமும், விளைச்சலுக்கு வயலும், கட்டுமானத்துக்குப் பைனும் அப்பரப்பிலிருந்தே வந்தன என்பதனை மறத்தலாகாது.

வால்டன் கரையின் முன்னைய குடிகளைப் பற்றித் தோரோவே எழுதிய இயல் இவ்விடயத்தை மேலும் தெளிவாக்கும். கேற்றோ இங்கிறகாம், பிறிஸ்ரர் பிறீமன் ஆகியோர் அடிமைகளாயிருந்து விடுபட்டவர்கள். ஸில்பா என்னும் கறுப்பினப் பெண் நூல் நூற்று வாழ்ந்தவர். உழவுக்கு உதவாத மணல்நிலமாதலால் அவர்கள் அங்கு வாழ விடப்பட்டனர். கேற்றோ தன் முதுமைக்காக வளர்த்த வாதுமை மரங்கள் இறுதியில் வெள்ளையர் ஒருவர் கைக்குச் சென்றன. ஸில்பாவின் குடிசை 1812ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் எரிக்கப்பட்டது. இவர்களும் குறைந்த செலவிற் சிறு குடில் கட்டியவர்களே. அவர்களிடம் இல்லாதிருந்தது கட்டும் திறனன்று. நிலத்தின் மீதான பாதுகாப்பு. எமர்சனின் நட்பு தோரோவுக்கு அளித்தது அதனையே.

5. கொலின்சின் பலகைகள்

பட்டியலின் முதல் உருப்படியாகிய பலகைகளின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. பொஸ்ரனிலிருந்து வந்த பிற்ச்பேர்க் புகையிரதப் பாதை 1844 ஜூனில் கொன்கோர்ட்டை அடைந்தது. அப்பாதையில் உழைத்தவர்களுட் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த வறியோர். நாள் முழுதும் உழைப்பார்க்கு ஐம்பது, அறுபது சதமே கிடைத்தது என 1843இல் எமர்சன் தோரோவுக்கு எழுதிய கடிதம் இரங்குகின்றது. அத்தொழிலாளர் தம் குடும்பத்துடன் பாதையோரக் குடிசைகளில் வாழ்ந்தனர்.

அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கொலின்சின் குடிசையைத் தோரோ 4.25 டொலருக்கு விலைபேசினார். சுற்றிலும் ஐந்தடி உயரத்துக்கு மண் அணைக்கப்பட்ட, இருண்ட, பெரும்பாலும் மண்தரை கொண்ட குடிசை அது. அங்கே பிறந்த குழந்தை ஒன்றும், பட்டுக் குடை ஒன்றும், பொன்முலாம் சட்டமிட்ட கண்ணாடி ஒன்றும், மரக்கன்று ஒன்றில் அறைந்து வைத்த புதிய கோப்பி அரைக்கும் பொறி ஒன்றும் இருந்தனவென அவர் விவரிக்கிறார். பணம் அன்றிரவே கொடுக்கப்படும். குடும்பம் மறுநாட் காலை ஐந்து மணிக்கு வெளியேற வேண்டும். ஆறு மணிக்குத் தோரோ குடிசையைப் பொறுப்பேற்பார். இதுவே உடன்பாடு. காலை ஆறு மணிக்கு அக்குடும்பத்தை அவர் வழியிற் காண்கிறார். அவர்களின் உடைமை யாவும் ஒரே மூட்டையுள் அடங்கியிருந்தன. அன்று காலையிலேயே குடிசை பிரிக்கப்பட்டது. ஆணிகள் பிடுங்கப்பட்டன. பலகைகள் சிறு வண்டியிற் குளக்கரைக்கு ஏற்றப்பட்டு, வெயிலில் வெளுத்து நிமிரும்படி புல்மேற் பரப்பப்பட்டன. பிடுங்கிய ஆணிகளுள் நேரானவற்றை அயலவர் ஒருவர் கவனியாத வேளையிற் பையில் இட்டுக்கொண்டதையும் அவர் பதிவு செய்கிறார்.

இப்பகுதியைத் தோரோ மெல்லிய அங்கதத்துடன் எழுதியுள்ளார். ஆயினும் அங்கதத்தின் அடியில் ஒரு சமூக உண்மை படிந்துள்ளது. ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் ஒரே கூரை மற்றொருவரின் கட்டடப் பொருளாகின்றது. கல்வி கற்ற இளைஞருக்கு அது சிக்கனம். கொலின்ஸ் குடும்பத்துக்கு அது அடுத்த வேலைத்தலம் நோக்கிய இடப்பெயர்வு. இக்காலத்தையொட்டி, 1844இல், பாரிசில் இருந்த இளம் மார்க்ஸ் தம் கையெழுத்துப்படிகளில் தொழிலாளியின் உறையுள் பற்றி எழுதினார். வாடகை செலுத்தத் தவறின் எந்நாளிலும் வெளியேற்றப்படக்கூடிய உறையுள் அவனுக்கு அந்நியமான ஒன்று என்பது அவர் கருத்து. அக்கையெழுத்துப்படிகள் 1932 வரை வெளிவரவில்லை. தோரோ அவற்றை அறிந்திருக்க இயலாது. எனினும் கொலின்சின் விடியற்காலைப் பயணம் அக்கருத்துக்குத் தக்க விளக்கமாக அமைகின்றது. பழம்பலகை மலிவாகக் கிடைத்தமைக்குக் காரணம் மரத்தின் பழமை மட்டுமன்று. விற்பவனின் நிலையின்மையும் ஆகும்.

6. உழைப்பும் திறனும்

வேலை முழுவதையும் தாமே செய்தமையாற் கூலி சேர்க்கப்படவில்லை என்கிறார் தோரோ. மார்ச் இறுதி முதல் ஜூலை வரை அவர் அவசரமின்றி வேலை செய்தார். எத்தனை நாள் என்பதற்குக் கணக்கில்லை. அவர் கொண்ட நாட்கூலியாகிய ஒரு டொலரை அளவாக வைத்து, ஒரு மாதத்து வேலைநாட்கள் 26 என்று குறைத்து மதிப்பிட்டாலும், வீட்டின் செலவு ஏறத்தாழ இருமடங்காகிவிடும். விலையை வாழ்நாளால் அளக்க வேண்டும் என்றவர், தம் வீட்டின் கணக்கில் அவ்வளவுகோலைப் பயன்படுத்தாது விட்டமை நோக்கத்தக்கது. அதற்கு அவரிடம் விடையுண்டு. விரும்பிச் செய்த உழைப்பு வாழ்நாளின் இழப்பன்று, வாழ்வே அது என்பார். ஏற்கத்தக்க விடையே. ஆனால் அவ்விடையைக் கூறும் வாய்ப்பு யாவர்க்கும் உரியதன்று. மணமாகாதவர், பென்சில் உற்பத்தி செய்யும் குடும்பத்தினர், ஒன்றரை மைல் தொலைவில் பெற்றோர் வீடு உள்ளவர் என்பதால் மூன்று மாதங்களை ஒரு வீட்டுக்கு ஒதுக்க அவருக்கு இயன்றது.

திறனும் இவ்வாறே. 1844இல் தம் குடும்பத்துக்காகக் கொன்கோர்ட்டில் எழுந்த வீட்டின் கட்டுமானத்தில் தந்தையுடன் அவர் உழைத்திருந்தார். கருவியைக் கையாளும் பயிற்சி அவருக்கு முன்பே வாய்த்திருந்தது. சட்டகத்தை நிறுத்துதற்கு நண்பர்கள் உதவினர். தேவையினும் அயலுறவைப் பேணும் நோக்கமே பெரிதென அவர் கூறுவாராயினும், நியூ இங்கிலாந்து ஊர்களிற் சட்டகம் நிறுத்துதல் என்றுமே கூட்டுழைப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் கூரை வேய அயலவர் கூடுதல் போன்ற வழக்கு அது. பலர் கூடித் தூக்கிய சட்டகம் பட்டியலில் ஒரு சதமும் பெறவில்லை.

7. தனிமையும் சந்தையும்

நூலில் தோரோ காணும் மற்றோர் அயர்லாந்தினர் ஜோன் பீல்ட். சதுப்பு நிலத்தை மண்வெட்டியாற் புரட்டுதல் அவரது தொழில். ஏக்கர் ஒன்றுக்கு 10 டொலர் கூலி. அத்துடன் ஓராண்டுக்கு அந்நிலத்தை எருவுடன் பயன்படுத்தும் உரிமை. ஒழுகும் குடிசையில் மனைவி மக்களுடன் அவர் வாழ்ந்தார். மழைக்கு ஒதுங்கிய தோரோ, அக்குடிசையின் ஓராண்டு வாடகையளவில் தாம் ஒழுகாத வீடு கட்டியதை எடுத்துரைத்து, தேநீரும் கோப்பியும் இறைச்சியும் விடுத்தால் அவ்வளவு உழைக்க வேண்டியதில்லை என அறிவுறுத்துகிறார். பீல்ட் பெருமூச்செறிகிறார், அவர் மனைவி இடுப்பிற் கைவைத்து நிற்கிறார்.

நூலின் கருத்தியல் எல்லை இவ்விடத்திலேயே புலப்படுகின்றது. பீல்டின் வறுமை அவரது நுகர்விலிருந்து பிறந்ததாகத் தோரோ கொள்கிறார். நிலத்தைப் பண்படுத்தும் உழைப்பு பீல்டினுடையதாகவும், பண்பட்ட நிலம் பிறருடையதாகவும் உள்ள உறவு அவர் அறிவுரையினுள் இடம்பெறவில்லை. ஆனால் அவ்வுறவின் விவரங்களைக் கூலி அளவுடன் வழுவாது எழுதி வைத்தவரும் அவரே. ஆசிரியரின் முடிவினை அவரே தரும் சான்று மறுக்கும் இத்தகைய இடங்கள் இலக்கிய மாணவரின் சிறப்பான கவனத்துக்குரியவை.

குடில் சந்தைக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணமும் அவ்வாறே நூலினாலேயே மறுக்கப்படுகின்றது. புகையிரதப் பாதை குடிலிலிருந்து ஏறத்தாழ 1,650 அடி தொலைவில் ஓடியது. 1846–47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துத் தொழிலாளர் கண்காணிகளுடன் நாள்தோறும் கேம்பிறிட்ஜிலிருந்து வந்து வால்டன் குளத்தின் பனிக்கட்டியை அறுத்தனர். தம் கிணற்று நீரைச் சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் பருகுவர் என்று தோரோ வியந்தெழுதினார். இது வெறுங்கற்பனையன்று. பொஸ்ரன் வணிகர் பிரெட்ரிக் ரியூடர் 1833 முதல் நியூ இங்கிலாந்துப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவர் எழுப்பிய பனிக்கட்டிக் களஞ்சியமே ‘ஐஸ் ஹவுஸ்’ எனப் பெயர்பெற்று, இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கின்றது. அவ்வாண்டு வால்டனில் அடுக்கிய குவியலின் பெரும்பகுதி உருகி மீண்டும் குளத்தையே சேர்ந்தது என்கிறார் தோரோ. எனினும், அவர் தனித்திருந்த குளக்கரை தமிழ்நாட்டுக் கடற்கரையைத் தொடும் உலக வணிக வலையின் ஒரு கண்ணியாக அப்பொழுதே ஆகிவிட்டிருந்தது.

8. முடிவுரை

1847 செப்டெம்பர் 6ஆம் திகதி தோரோ குடிலை நீங்கினார். அது எமர்சனின் கைக்கும், பின் அவரது தோட்டக்காரர் கைக்கும் சென்றது. 1849இல் வேறொரு பண்ணைக்குப் பெயர்க்கப்பட்டுத் தானியக் களஞ்சியமாயிற்று. 1868இற் கலைக்கப்பட்டு, அதன் மரங்கள் பண்ணைக் கட்டடங்களுக்குப் பயன்பட்டன. குடில் நின்ற இடத்தின் புகைபோக்கி அத்திவாரத்தை 1945இல் றோலண்ட் றொபின்ஸ் அகழ்ந்து கண்டார். குளத்தருகே இன்று காணப்படுவது அதன் மாதிரி மட்டுமே.

வீடு அழிந்தது, கணக்கு எஞ்சியது. அக்கணக்கிலிருந்து நாம் கொள்ளத்தக்கன பல. சிறியதாகத் திட்டமிடல், கூரை அமைந்ததும் குடிபுகுந்து பருவத்துக்கேற்ப எஞ்சியதைக் கட்டல், பழம்பொருளைப் பயன்படுத்தல், அருகிலுள்ள கல்லையும் மணலையும் மரத்தையும் நாடல், கடன் தவிர்த்தல் ஆகியன எக்காலத்துக்கும் பொருந்தும் நடைமுறை அறிவு. அனைத்தினும் மேலாக, வீடு என்னும் மதிப்புக்குரிய பொருளைப் பலகை, ஆணி, சுண்ணாம்பு எனப் பிரித்து, ஒவ்வொன்றின் விலையையும் பொதுவில் வைத்த அவரது துணிவு பாராட்டுக்குரியது.

ஆனால் மலிவான வீட்டைத் தனிமனித முயற்சியின் வெற்றியாக மட்டும் கொள்வோமாயின், வறியவர் வீடின்றி இருப்பது அவர்தம் முயற்சிக் குறைவே என்னும் முடிவுக்குத் தள்ளப்படுவோம். 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி ஏங்கல்ஸ் எழுதிய கட்டுரைகள் இம்மயக்கத்தையே சாடின. அவற்றின் 1887ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவர் ஜேர்மனிய நாட்டுப்புறக் கைத்தொழிலாளரை எடுத்துக்காட்டினார். சொந்தக் குடிலும் தோட்டமும் அவர்களுக்கு விடுதலை தரவில்லை; தோட்டத்தில் விளைந்த உணவின் பெறுமதியை முதலாளி கூலியிற் குறைத்துக்கொண்டான். வீட்டின் விலையைக் குறைத்தல் மட்டும் உழைப்போரின் நிலையை உயர்த்திவிடாது என்பதற்கு இது சான்று.

குடியிருப்போர் சிறு கடனுதவியுடன் தாமே வீடு கட்டிக்கொள்ளும் கொள்கை நமக்கும் புதிதன்று. இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம் அவ்வடிப்படையிலேயே வகுக்கப்பட்டது. இத்தகைய முயற்சிகளை மதிப்பிடும்போது தோரோவின் பதின்மூன்று உருப்படிகளுடன் வேறு மூன்றையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். நிலம் யாருடையது? பலகை யாருடைய கூரையிலிருந்து வந்தது? கட்டுவோர் செலவிடும் நாட்களில் அவர்தம் குடும்பத்துக்கு உணவளிப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை எழுதப்பட்ட பின்னரே ஒரு வீட்டின் செலவுக் கணக்கு நிறைவுறும். அவ்விடைகளுக்குரிய சான்றுகளைத் தம் நூலின் பிற பக்கங்களில் மறையாது பதிந்துவைத்தமை தோரோவின் நேர்மை; அவற்றை ஒன்றுசேர்த்துக் கூட்டிப் பார்த்தல் ஆய்வாளரின் கடன்.